சீன எக்ஸ்போர்ட் பெயிண்டிங்: துறைமுகக் கரையைப் பார்த்தே வருஷம் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

கையெழுத்து இருக்காது, தேதி இருக்காது, பின்னாடி திருப்பிப் பார்த்தா பாதி நேரம் வெறும் துணிதான். முன்னாடி ஒரு ஆறு, ஆறு நிறைய படகு, அந்தக் கரையில வரிசையா வெள்ளை வெள்ளையா வெளிநாட்டுக்காரன் கட்டடம், ஒவ்வொண்ணு முன்னாடியும் ஒரு கொடிமரம், மேல பாதிக்கு மேல வானம். சீன எக்ஸ்போர்ட் பெயிண்டிங்னு சொல்றது பெரும்பாலும் இதைத்தான். கேண்டன்ல (இப்போ குவாங்சோ) இருந்த சீன ஓவியர்கள், அங்க டீயும் பட்டும் வாங்க வந்த கப்பல் கேப்டனுங்க, வியாபாரிங்க ஊருக்குக் கொண்டு போறதுக்காகவே வரைஞ்சு வித்த படங்கள். பின்னாடி ஹாங்காங், ஷாங்காய்னு மத்த துறைமுகங்களுக்கும் இந்தத் தொழில் பரவுச்சு.

இந்தப் படங்களை நான் ரொம்ப வருஷமா விடாம பார்த்துட்டு வர்றேன், மியூசியத்துல நேர்லயும் அவங்க வெப்சைட்ல பெருசாக்கியும். அதுல கத்துக்கிட்டதை வரிசையா சொல்றேன். தொடங்கும்போதே ஒரு விஷயத்தை மனசுல போட்டுக்கங்க: இந்தப் படங்களுக்கு ரெண்டு வருஷம் உண்டு. படத்துல தெரியற காட்சியோட வருஷம் ஒண்ணு, படம் வரைஞ்ச வருஷம் இன்னொண்ணு, ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயமே இல்லை. பட்டறையில ஒரு மாதிரிப் படம் இருந்தா கிராக்கி இருக்கற வரைக்கும் அதையே பார்த்து வரைஞ்சுட்டே இருப்பாங்க, கட்டடம் எரிஞ்சு போயிருந்தாலும் சரி. அதனால நம்மால உறுதியா சொல்ல முடியறது "இதுக்கு முன்னாடி வரைஞ்சிருக்க முடியாது"ங்கறதை மட்டும்தான். ஏலக் கேட்டலாக்ல வர்ற தப்புல பாதி இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறதால வர்றதுதான்.

ஸ்டெப் 1: முதல்ல எந்த ஊர்னு பாருங்க

பழைய காலத்துல நாலு படம் சேர்ந்த செட்டா விப்பாங்க. மக்காவ், போக்கா டைக்ரிஸ், வாம்போவா, கேண்டன். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு, கப்பல் கடல்ல இருந்து உள்ள வர்ற வழியே இதுதான். மக்காவ்ல பைலட்டையும் (ஆத்துல கப்பலுக்கு வழி காட்டற ஆள்) அனுமதியையும் வாங்கிட்டு, ஆத்து வாயில இருக்கற கோட்டைகளைத் தாண்டி, வாம்போவாவுல நங்கூரம் போடணும், ஏன்னா பெரிய கப்பல் அதுக்கு மேல போகாது. அங்கிருந்து சின்னப் படகுல கேண்டன்.

அடையாளம் சுலபம். பிறை மாதிரி வளைஞ்ச கடற்கரை, அதை ஒட்டி வெள்ளை வீடுங்க, பின்னாடி குன்றுங்க மேல கோட்டை இருந்தா மக்காவ், அந்த வளைவுக்குப் பேரு ப்ரையா கிராண்டே. மலைச்சரிவுல மதில் ஏறிப்போற கோட்டைங்க ரெண்டு பக்கமும் இருந்தா போக்கா டைக்ரிஸ். தூரத்துல ஒத்தைப் பகோடா, கிட்டக்க பாய்மரக் காடு மாதிரி கப்பலுங்க நின்னா வாம்போவா. தட்டையான கரையில ஒண்ணை ஒண்ணு ஒட்டின கட்டடங்களும் கொடிங்களும் இருந்தா கேண்டன். 1842 நான்கிங் ஒப்பந்தத்துக்கு அப்புறம் செட்டுல புது ஊருங்க சேருது: முதுகுக்குப் பின்னாடி உயரமான மலை இருந்தா ஹாங்காங், மலையே இல்லாம நீளமா ஒரே கோடா வராண்டா வச்ச பங்களாக்கள் போனா ஷாங்காய் பண்ட். (இந்த 'பண்ட்'ங்கற வார்த்தை இந்தியாவுல இருந்து போனது, நம்ம ஊர்ல ஏரிக்கரையை பண்டுன்னு சொல்றோமே, அதே வார்த்தைதான்.)

அந்த ஒப்பந்தம் கேண்டன், அமோய், ஃபூச்சோ, நிங்போ, ஷாங்காய்னு 5 துறைமுகத்தைத் திறந்துவிட்டுச்சு. அதுக்கு முன்னாடி, 1757-ல இருந்து, மேற்கத்திய வியாபாரிங்களுக்கு கேண்டன் ஒண்ணுதான் வாசல். சீசன்ல மட்டும் தங்கலாம், வெளிநாட்டுப் பொம்பளைங்க வரக்கூடாது, நகரச் சுவருக்கு உள்ள போகக்கூடாது. ஆத்தங்கரையில சில நூறு மீட்டர் இடத்துக்குள்ளயே எல்லாரும் அடைஞ்சு கிடந்தாங்க. திரும்பத் திரும்ப அதே கரை படத்துல வர்றதுக்குக் காரணம் இதுதான், வீட்டுக்குக் கொண்டு போய் "நான் இருந்த இடம் இதுதான்"னு காட்டறதுக்கு வேற எதையும் அவங்க பார்த்ததே இல்லை.

ஸ்டெப் 2: கொடிங்களை லென்ஸ் வச்சுப் பாருங்க

கேண்டன் படமா இருந்தா கொடிதான் முதல் சாட்சி. முதல் அமெரிக்கக் கப்பலான எம்ப்ரஸ் ஆஃப் சைனா 1784 ஆகஸ்ட்லதான் வந்துச்சு, அதனால நட்சத்திரமும் கோடும் போட்ட கொடி பறந்தா படம் அதுக்கு அப்புறம்தான். நட்சத்திரத்தை எண்ணி வருஷம் சொல்லலாம்னு நினைச்சுடாதீங்க, அரிசி அளவு கொடியில ஓவியர் இடம் இருக்கற அளவுக்குத்தான் புள்ளி வைப்பார். ஸ்பெயின் கொடி சிவப்பு மஞ்சள் சிவப்பா இருந்தா 1785-க்கு அப்புறம், வெள்ளைத் துணியில சின்னம் போட்டிருந்தா பழைய மாதிரி. பிரிட்டிஷ் கொடியில 1801-ல மூலைக்கு மூலை பெருக்கல் குறி மாதிரி சிவப்புக் கோடு கூடுச்சு, படம் பெருசா இருந்தா இது லென்ஸ்ல தெரியும். பிரெஞ்சுக்காரன் கொடி வெறும் வெள்ளையா இருந்தா ஒண்ணு புரட்சிக்கு முன்னாடி, இல்லைன்னா 1815-ல இருந்து 1830 வரை ராஜா திரும்ப வந்திருந்த காலம். மூணு வண்ணம்னா 1830-க்கு அப்புறமாத்தான் இருக்கணும்னு சட்டுனு முடிவு பண்ணாதீங்க, மத்த சாட்சியையும் சேர்த்துப் பாருங்க.

டென்மார்க், ஸ்வீடன், ஹாலந்து எல்லா கொடியும் இருந்தா படம் பழசா இருக்க வாய்ப்பு அதிகம், ஏன்னா 1840-க்கு அப்புறம் கொடிங்க குறைஞ்சு பிரிட்டிஷும் அமெரிக்காவும்தான் முன்னாடி நிக்கும். ஆனா கொடியை மட்டும் நம்பி எழுதாதீங்க. கொடி போடறது கடைசி வேலை, வாங்கறவர் எந்த நாட்டுக்காரரோ அவர் கொடியைக் கொஞ்சம் பெருசா போட்டுக் கொடுக்கறது வியாபாரம்.

ஸ்டெப் 3: கேண்டன் கட்டடங்கள், இங்கதான் நேரம் செலவழிக்கணும்

அந்த வரிசைக்கு 13 ஃபேக்டரின்னு பேரு. ஃபேக்டரின்னா இங்க மெஷின் ஓடற இடம் இல்லை, கம்பெனி ஏஜெண்டுங்க தங்கி வியாபாரம் பண்ற வீடு, கீழ கோடவுன், மேல குடியிருப்பு. சீனத்துல ஹாங். மேற்குக் கோடியில டென்மார்க்காரன் ஹாங், அப்படியே கிழக்க நகர்ந்து வந்தா ஸ்பெயின், பிரெஞ்சு, அமெரிக்கா, ஸ்வீடன், பிரிட்டிஷ், ஹாலந்து, கடைசியில ஓடையை ஒட்டி கிரீக் ஹாங் (கிரேக்க நாடு இல்லை, ஓடைக்கு இங்கிலீஷ்ல கிரீக்). நடுவுல சௌ சௌ ஹாங்னு ஒண்ணு, பார்சி வியாபாரிங்களும் இந்தியாவுல இருந்து போன முஸ்லிம் வியாபாரிங்களும் தங்கினது அங்கதான். படத்துல கரையில உயரமான தொப்பியோட வெள்ளை அங்கி போட்ட ஆளுங்க நின்னா அவங்களைத் தேடிப் பாருங்க, பல படத்துல இருக்காங்க, விவரக் குறிப்புல யாரும் எழுதறதில்லைங்கறது எனக்கு வருத்தம்.

இப்போ வருஷம். இந்த வரிசை பல தடவை எரிஞ்சுச்சு, அதுல மூணுதான் நமக்கு மைல்கல். 1822 நவம்பர் தீ, நகரத்துப் பக்கம் பிடிச்சு ஹாங்குங்களையும் சேர்த்து அழிச்சுச்சு. இந்தத் தீயையே வரைஞ்சு வித்திருக்காங்க, நெருப்பு தொடங்கறது, உச்சத்துல எரியறது, மறுநாள் கரிஞ்ச சுவர்னு தொடரா. ரெண்டாவது 1842 டிசம்பர்ல கலவரத்துல பிரிட்டிஷ் பக்கத்து ஹாங்குங்க எரிஞ்சது. மூணாவது 1856 டிசம்பர், ரெண்டாம் ஓபியம் போர் தொடங்கினப்போ, எல்லாமே போச்சு, அந்த இடத்துல திரும்பக் கட்டவே இல்லை. அப்புறம் கொஞ்சம் மேற்குல ஷாமியன்னு ஒரு மணல் திட்டை ஒசத்தி வெளிநாட்டுக்காரங்க அங்க குடிபோனாங்க.

இந்த மூணுக்கு நடுவுல எந்த இடைவெளியில படம் உக்காருதுன்னு பார்க்கறதுக்கு ஹாங்குங்க முன்னாடி இருக்கற மைதானத்தைப் பாருங்க. ஆரம்பத்துல அது வெறும் திறந்த இடம், கூலியாளுங்க, நாவிதர், வேடிக்கை பார்க்கறவங்க எல்லாம் நிப்பாங்க. 1840களுக்கு அப்புறம் அங்க தோட்டம் வந்துடுது, சுவர் வச்சு, நடைபாதை போட்டு. தோட்டத்துக்குள்ள சின்னதா ஒரு ஆங்கிலிக்கன் சர்ச் தெரிஞ்சா படம் 1847-48 வாக்குக்கு அப்புறம், 1856-ல அந்த சர்ச்சும் போச்சு. ஆக சர்ச் இருக்கற காட்சிக்கு மொத்தமே 9 வருஷம்தான் இடம். அந்த 9 வருஷத்துக்குள்ளயும் இன்னும் நெருக்கிப் பிடிக்க ஒரு வழி இருக்கு, மரங்களோட உயரம். ஒரு படத்துல மரம் இடுப்பளவு கன்னா, பின்னாடி கட்டடத்தோட ஜன்னல் வரிசை முழுசா தெரியும். இன்னொண்ணுல இலை முதல் மாடி வரை வந்திருக்கும். வேற ஒண்ணுல கட்டடமே பாதி மறைஞ்சு கூரையும் கொடிமரமும்தான் எட்டிப் பார்க்கும். நாலஞ்சு படத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒரு தோட்டம் வளர்றதை வருஷா வருஷம் பார்க்கற மாதிரி இருக்கும், எனக்கு இந்த முழு விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

ஸ்டெப் 4: ஹாங்காங், ஷாங்காய், மக்காவ் கட்டடங்கள்

ஹாங்காங்கை பிரிட்டிஷ் பிடிச்சது 1841 ஜனவரி. செயின்ட் ஜான்ஸ் கதீட்ரல்ல வழிபாடு தொடங்கினது 1849, அதுக்கு மேல மலையில கவர்னர் மாளிகை முடிஞ்சது 1855. கதீட்ரல் இருக்கு, மாளிகை இல்லைன்னா நடுவுல உள்ள காட்சி. பெடர் ஸ்ட்ரீட் மணிக்கூண்டு தெரிஞ்சா 1862-க்கு அப்புறம். சிட்டி ஹால் தெரிஞ்சா 1869-க்கு அப்புறம்.

ஷாங்காய்ல முதல்ல கஸ்டம்ஸ் ஹவுஸைத் தேடுங்க. வெள்ளைக்கார பங்களாக்களுக்கு நடுவுல வளைஞ்ச கூரையோட சீனக் கோயில் மாதிரி ஒரே ஒரு கட்டடம் நிக்கும், அதுதான். 1850களோட கடைசியில வந்துச்சு, 1893-ல அதை இடிச்சுட்டு மணிக்கூண்டு வச்ச செங்கல் கட்டடம் வந்துச்சு. பிரிட்டிஷ் கான்சுலேட் 1870-ல எரிஞ்சு 1873-ல திரும்ப வந்தது. மக்காவுக்கு ரெண்டே விஷயம்: செயின்ட் பால் சர்ச் 1835-ல எரிஞ்சு வெறும் முன்சுவர் மட்டும் நிக்குது, கியா குன்று மேல லைட்ஹவுஸ் 1865.

ஸ்டெப் 5: இப்போ கீழ வாங்க, தண்ணிக்கு

ஆரம்பத்துல நானும் கட்டடத்தையே பார்த்துட்டு இருந்தேன். அப்புறம்தான் புரிஞ்சுச்சு, கட்டடம் பெரும்பாலும் மாதிரியைப் பார்த்து அளவு வச்சு இழுத்த கோடு, ஓவியரோட சொந்தக் கண்ணு வேலை செய்யறது படகுங்கள்ல. வட்டக்கூரை போட்ட சின்ன சாம்பான், அதுல முதுகுல குழந்தையைக் கட்டிக்கிட்டு பின்பக்கம் நின்னு துடுப்பு தள்ற பொம்பளை. அவங்க டாங்கா மக்கள், பொறந்ததுல இருந்து சாகற வரை தண்ணியிலயே குடும்பம் நடத்தினவங்க. லென்ஸ் வச்சா அடுப்பு தெரியும், காயப்போட்ட துணி தெரியும். ஒரு நகத்தளவு இடத்துல மூணு தீத்தல்ல அந்தப் பொம்பளை முழு எடையையும் துடுப்பு மேல போட்டு சாயற மாதிரி வரைஞ்சிருப்பாங்க, ஆத்தைத் தினம் பார்த்தவன் கை அது. நல்ல பட்டறையா சுமாரான பட்டறையான்னு எனக்கு சந்தேகம் வந்தா கட்டடத்தை விட்டுட்டு நேரா இங்கதான் வருவேன். சுமாரான படத்துல படகு தண்ணி மேல ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி இருக்கும், நிழல் இருக்காது.

வருஷத்துக்கு: ரெண்டு பக்கமும் சக்கரம் வச்ச நீராவிக் கப்பல் புகையோட வந்தா கேண்டன் கரையைப் பொறுத்தவரை அநேகமா 1840களோ அதுக்கு அப்புறமோ. பாய்மரக் கப்பல் மட்டும்தான்னா அதுக்கு முன்னாடின்னு அர்த்தம் இல்லை, பாய்மரம் ரொம்ப வருஷம் கூடவே ஓடுச்சு.

ஸ்டெப் 6: எது மேல வரைஞ்சிருக்கு

கேன்வாஸ்ல ஆயில், பேப்பர்ல கோவாஷ் (அடி தெரியாம தடிப்பா பூசற வாட்டர்கலர்), கண்ணாடிக்குப் பின்பக்கம் வரையறது, பித் பேப்பர், இந்த நாலுதான் அதிகம். கண்ணாடி ஓவியத்தை தஞ்சாவூர் பக்கம் பார்த்தவங்களுக்கு விளக்கவே வேண்டாம், முன்னாடி வரவேண்டியதை முதல்ல வரைஞ்சு பின்னணியைக் கடைசியில போடற அதே தலைகீழ் வேலை.

பேப்பரா இருந்தா ஓரத்தை லைட்டுக்கு எதிரா பிடிங்க (ஃபிரேம்ல இருந்தா கழட்டாதீங்க, ஆள் வச்சுக் கழட்டுங்க). கேண்டன் ஓவியர்கள் சில சமயம் இங்கிலீஷ் பேப்பர் வாங்கி வரைஞ்சிருக்காங்க, அதுல வாட்டர்மார்க்கோட வருஷமும் இருக்கலாம், கிடைச்சா அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

பித் பேப்பரை நிறைய பேர் ரைஸ் பேப்பர்னு சொல்லுவாங்க, அரிசிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தெற்கு சீனாவுலயும் தைவான்லயும் வளர்ற ஒரு செடியோட தண்டுக்குள்ள இருக்கற வெள்ளை நெட்டி அது. தண்டை உருட்டிக்கிட்டே கூரான கத்தியால சீவி சுருள் பிரிக்கற மாதிரி மெல்லிசா எடுப்பாங்க, அதனால ஷீட் ஒரு அளவுக்கு மேல பெருசா வராது. நம்ம ஊர் நெட்டிமாலை பார்த்திருந்தா அந்தத் தன்மை உடனே பிடிபடும். கலர் உள்ள இறங்காம மேலயே கொஞ்சம் தடிச்சு வெல்வெட் மாதிரி நிக்கும், சுத்தி நீலப் பட்டு ரிப்பன் ஒட்டியிருப்பாங்க. இது பிரபலமானது 1820களுக்கு அப்புறம்தான், அதனால பித் பேப்பர்ல 1790 காட்சி இருந்தா காட்சிதான் பழசு, படம் பழசு இல்லை. வெயில்ல, ஏசி காத்துல காஞ்சு போச்சுன்னா அப்பளம் மாதிரி உடைஞ்சுடும். தயவுசெஞ்சு நீங்களா பசை போட்டு ஒட்டாதீங்க, இஸ்திரி வச்சு நேராக்காதீங்க.

ஸ்டெப் 7: யார் பட்டறை

பேரு கடைசியில 'குவா'ன்னு வரும்: ஸ்பாய்லம்னு ஒருத்தர் தவிர்த்து லாம்குவா, டிங்குவா, சுன்குவா, யூகுவா. குவாங்கறது மரியாதைக்குச் சேர்க்கறது, நம்ம 'ஐயா' மாதிரி. லாம்குவாவோட நிஜப் பேரு குவான் சியாவ்சாங், கடை நியூ சைனா ஸ்ட்ரீட்ல, ஹாங்குங்களுக்கு நடுவுல ஓடற தெரு. கீழ விற்பனை, மாடியில பசங்க உக்காந்து வரைவாங்க, அதுக்கும் மேல அவர் உருவப்படம் வரைவார். பீட்டர் பார்க்கர்ங்கற அமெரிக்க மிஷனரி டாக்டரோட நோயாளிகளை, பெரிய பெரிய கட்டிகளோட அவர் வரைஞ்ச படங்கள் 80-க்கு மேல யேல் பல்கலைக்கழகத்துல இருக்கு. அவர் தம்பி டிங்குவா வாட்டர்கலர்ல கெட்டிக்காரர்.

லாம்குவா பாணிக்குப் பின்னாடி ஜார்ஜ் சின்னரிங்கற இங்கிலீஷ் ஓவியர் இருக்கார். இவர் 1802-ல மெட்ராஸ்ல வந்து இறங்கி அஞ்சு வருஷம் போல இங்க வரைஞ்சவர், அப்புறம் வங்காளம், கடன் கழுத்தை நெரிச்சதும் 1825-ல மக்காவ், 1852-ல அங்கேயே செத்தார். லாம்குவா அவர்கிட்ட கத்துக்கிட்டாரா இல்லையான்னு சண்டை இருக்கு, சின்னரி ஒத்துக்கலை. படத்தைப் பார்த்தா பாதிப்பு கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான் நான் சொல்லுவேன்.

பேரு எங்க தேடணும்னா: பின்பக்கம் சட்டத்துல ஒட்டின சின்ன லேபிள், இல்லை முன்னாடி கீழ் மூலையில. சுன்குவா சில படத்துல முன்னாடியே எழுதியிருப்பார். லேபிள் இல்லைன்னா பேரு ஒட்ட வைக்காதீங்க, விலை ஏறும்னு நிறைய பேர் செய்யறாங்க. ஒரு படத்துல வானம் ஒருத்தர், கட்டடம் ஒருத்தர், ஆளுங்க ஒருத்தர்னு கை மாறியிருக்கலாம். அதுக்காக "மெஷின் மாதிரி காப்பி அடிச்சவங்க"ன்னு எழுதறதும் அநியாயம், அஞ்சாவது ஸ்டெப்ல சொன்ன அந்தத் துடுப்புக்காரியைப் பார்த்தவங்க அப்படி எழுத மாட்டாங்க.

ஸ்டெப் 8: புதுசை பழசுன்னு விக்கறாங்களா

லென்ஸ்ல கலர் சின்னச் சின்னப் புள்ளியா பிரிஞ்சா அது பிரிண்ட், முடிஞ்சது கதை. கேன்வாஸ்ல விரிசல் எல்லா இடத்துலயும் ஒரே சீரா இருந்தா சந்தேகப்படுங்க, நிஜ வயசு ஒரு மூலையில ஒரு மாதிரி, நடுவுல ஒரு மாதிரிதான் காட்டும். பின்பக்கம் ஸ்டேப்ளர் பின் இருந்தா ஒண்ணு புதுசு இல்லைன்னா ரிப்பேர் பண்ணினது. ரிப்பேர்ல புதுத் துணி ஒட்டறது சகஜம், அதனால பின்பக்கம் புதுசா இருக்கறதை மட்டும் வச்சு போலின்னு சொல்லிடாதீங்க. பெரிய காசு போடறதா இருந்தா லேப்ல வெள்ளைப் பெயிண்டை டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, டைட்டானியம் வெள்ளை 20-ம் நூற்றாண்டு சரக்கு, பின்னாடி டச்சப் பண்ணாத இடத்துல அது வந்தா படம் 1850 இல்லை.

ஒரு தடவை சேர்த்து செஞ்சு பார்ப்போம்

இப்படி ஒரு படம் கையில கிடைச்சுதுன்னு வச்சுக்கங்க: பித் பேப்பர், கேண்டன் கரை, அமெரிக்கக் கொடியும் பிரிட்டிஷ் கொடியும், தோட்டத்துக்குள்ள சர்ச், மரம் முதல் மாடி உயரம், இடது பக்கம் சக்கரம் வச்ச ஒரு நீராவிக் கப்பல். ஊர் தெரிஞ்சுடுச்சு. சர்ச் இருக்கறதால காட்சி 1847-க்கும் 1856-க்கும் நடுவுல. மரம் வளர்ந்திருக்கறதால அந்த இடைவெளியில பின்பாதிப் பக்கம் சாயலாம். நீராவிக் கப்பலும் பித் பேப்பரும் இதுக்கு ஒத்து வருது, எதுவும் இடிக்கலை. லேபிள் இல்லை, அதனால ஓவியர் பேரு எழுதக்கூடாது.

நான் எழுதினா இப்படி எழுதுவேன்: "கேண்டன் ஹாங்குகள், சுமார் 1850-56 காட்சி, கேண்டன் பட்டறை, பித் பேப்பர்ல வாட்டர்கலர், வரைஞ்சது அதே காலம் அல்லது சற்றுப் பின்." கடைசி மூணு வார்த்தையை விட்டுடாதீங்க. அதுக்குக் கீழ இன்னொரு வரி: முன்னாடி சாம்பான்ல குழந்தையோட துடுப்பு போடற டாங்கா பெண்.

பழக்கத்துக்கு அமெரிக்காவுல சேலம் நகரத்து பீபாடி எசெக்ஸ் மியூசியம், ஹாங்காங் மியூசியம் ஆஃப் ஆர்ட், லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் மூணோட வெப்சைட்லயும் தேடுங்க. முதல்ல கீழ போட்டிருக்கற வருஷத்தைக் கையால மறைச்சுட்டு நீங்களா ஒரு வருஷம் சொல்லிட்டு அப்புறம் கையை எடுத்துப் பாருங்க.